சிந்தோக்கில் அறையைக் காலி செய்யும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு இன்னும் ஒரு வாரத்தில் கடைசிப் பரீட்சை. அது முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சிந்தோக் பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பிவிடுவீர்கள். அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கிளம்பிப் போன பிறகு படித்துப் பயனில்லை.

நான் யாரென்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வருமே, அதில் முன்னால் உட்கார்ந்து வரும் டீச்சரம்மா. வேன் ஓட்டுவது என் தம்பி. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் பக்கத்துப் பிள்ளைகளை மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவோம். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்தும் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு இதே சமயம், கடைசி நாள் மத்தியானம். ஒரு பையன் மாடியிலிருந்து இறங்கி வரத் தாமதமானது. கால் மரத்துப்போகிறதே என்று கட்டடத்தின் பின்பக்கமாக நடந்தேன். அங்கே குப்பைத் தொட்டிகள் நிரம்பி, வழிந்து, சுற்றிலும் தரையில் சாமான்கள் குவிந்து கிடந்தன. உறை போட்ட தலையணைகள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு போர்வை. கட்டுக் கட்டாக ஹேங்கர்கள். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் கேத்தல், விதியை மீறி அறையில் ஒளித்து வைத்திருந்த ரைஸ் குக்கர். கணக்கியல் புத்தகங்கள், சட்டப் புத்தகங்கள். வாளிகளை மட்டும் எண்ணினேன். பதினேழு. சாமி படங்களைக் குப்பையோடு சேர்க்க யாருக்கோ மனம் வரவில்லை, பக்கத்து மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தலையணைகள் எல்லாம் நனைந்து ஊறின.

அவ்வளவும் நீங்கள் போட்டதென்று சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லா இனத்துப் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். ஆனால் என்னால் உங்களிடம்தான் இப்படிப் பேச முடியும். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியும், அல்லது உங்கள் அம்மாவைப் போன்ற நூறு பேரைத் தெரியும்.

உங்கள் அவசரமும் எனக்குத் தெரியாததல்ல. இரவெல்லாம் விழித்துப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வருகிறீர்கள். ஜொகூரிலிருந்து வந்த அப்பா விடியற்காலையிலிருந்து காரில் காத்திருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்களால் கைக்கு ஒன்றாக இரண்டு பைக்கு மேல் தூக்க முடியாது. ஊரிலோ, தோட்டத்து வீட்டை விட்டு வந்தபின் வாங்கிய மலிவு விலை வீடு, இரண்டு அறையில் ஆறு பேர். இந்த மூட்டையை எங்கே வைக்கிறது என்று அம்மா கேட்பதும் நியாயம்தான். அதனால் கை எதைத் தொட்டாலும் தொட்டிக்குப் போகிறது. இதில் உங்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த மழை பெய்த மூன்றாவது மாதம், அக்டோபரில், அதே கட்டடத்துக்கு ஒரு பிள்ளை வந்தாள். கோல கெட்டில் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் உரம் போடுகிறவர். சேர்க்கை நாளன்று பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியிருக்கிறாள். பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு முன்பணமாக 1,500 வெள்ளி வரை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் கிடைத்தது. ஆனால் கட்டணம், அடையாள அட்டைக்கான படம், பாஜு கூரோங் இரண்டு என்று அது கரைந்துவிட்டது. கடன் பணத்தின் மீதி கைக்கு வர வாரங்கள் ஆயின. அதுவரை விடுதியின் வெறும் மெத்தையில் அம்மாவின் பழைய சேலையை விரித்து, துணிப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறாள். துணி துவைக்க வாளி இல்லை. அறைத் தோழி தூங்கிய பிறகு அவளுடைய வாளியை எடுத்துப் போய்த் துவைத்துவிட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாளாம்.

செமஸ்டர் இடைவேளைக்கு அவளை வேனில் அழைத்துப் போனபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அதுவும் அவள் சொல்லவில்லை. எதிர் இருக்கைப் பிள்ளை சொன்னாள். வீட்டில் இறக்கிவிடும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவ சொல்லவே இல்லீங்க டீச்சர். படுக்க மெத்தை குடுத்திருக்காங்கன்னு மட்டும்தான் சொன்னா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினேழு வாளி, பிள்ளைகளே. அவற்றில் ஒன்று போதும் அவளுக்கு.

எனக்கு ஏன் இப்படிச் சுடுகிறது என்று சொல்கிறேன். பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அப்பா பால் மரம் வெட்டினார். தோட்டத்தில் வீடு என்பது வேலை இருக்கும் வரைதான். 55 வயதில் வேலை முடிந்தது, வீடும் முடிந்தது. 1974இல் எனக்குப் பதினைந்து வயது. காலி செய்த அன்று தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், கிராணி என்போம், ஒரு காகிதத்தோடு வந்து பல்பு எத்தனை, தாழ்ப்பாள் எத்தனை, சன்னல் கொக்கி எத்தனை என்று எண்ணினார். ஒரு கொக்கி குறைந்தது. நாங்கள் குடிவந்தபோதே அது இல்லை என்று அப்பா சொன்னார். கிராணி நம்பவில்லை. முப்பது வருடம் அந்தத் தோட்டத்துக்கு உழைத்தவர், ஒரு சன்னல் கொக்கிக்காகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சாவியை ஒப்படைக்கும்போது விடுதி அலுவலகத்தில் நாற்காலி, மேசை, விளக்கு என்று உங்கள் அறையைச் சரிபார்க்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் தொப்பி நினைவுக்கு வரும். உங்களைச் சரிபார்ப்பவர்கள் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். இருந்தாலும் வரும்.

அன்று வாடகை லாரியில் அம்மியை ஏற்ற இடமில்லை. அம்மா அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அதன் மேல் ஒரு துண்டு மஞ்சளும் ஒரு காகிதத்தில் கைப்பிடி உப்பும் மடித்து வைத்தாள். அப்பா கோபத்தில் இருந்தார். யாருக்குடி வைக்கிற என்று கேட்டார். "அடுத்து வர்றவ முதல் நாளே அம்மிக்கு எங்க போவா" என்றாள் அம்மா. அந்த வீட்டுக்கு அடுத்து யார் வந்தார்கள் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஐந்து வருடம் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். தகரப் பெட்டியோடு விடுதி அறைக்குள் நுழைந்தபோது கட்டிலின் மேல் துவைத்து மடித்த கொசுவலை ஒன்று இருந்தது. போன ஆண்டு அந்த அறையில் இருந்த அக்கா, வருகிறவளுக்கு என்று எழுதி ஊக்கில் குத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. இரண்டு வருடம் அந்த வலைக்குள்தான் தூங்கினேன். போகும்போது நானும் அதையேதான் செய்தேன்.

காலி செய்வது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயங்கள் காலியாயின. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகள் கொடுத்த பணம் அது. அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவில், கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சீடிம். உங்கள் பாட்டன் பூட்டன்களில் யாராவது அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியிருப்பார்கள். அரை வயிற்றுச் சம்பளத்தில் சேர்த்து வைத்துத் தோட்டத்தையே வாங்கத் துணிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஒரு கட்டடத்துத் தலையணைகளைச் சேர்த்து வைப்பது முடியாத காரியமாக இருக்காது.

நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகமே வீடு மாறி வந்ததுதான். 1984இல் தொடங்கி, முதலில் ஜித்ராவில் தற்காலிகமாக இருந்து, 1990இல்தான் சிந்தோக் காட்டுக்குள் குடிபுகுந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் விடுதியை டிபிபி என்பார்கள். நீங்கள் இனாசிஸ் என்கிறீர்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன. ஆனால் முதல் நாள் அறைக்குள் நுழையும் பிள்ளை மிரண்டுதான் நிற்கிறாள்.

2020 உங்களில் மூத்தவர்களுக்காவது நினைவிருக்கும். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இரண்டு நாள் விடுமுறை என்று நினைத்து ஒரு பையோடு ஊருக்குப் போன சிலரால் திரும்பி வர முடியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களை ஏப்ரல் 27ஆம் தேதியிலிருந்துதான் கட்டங் கட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். பூட்டிய அறைகளுக்குள் பொருள்கள் மாதக்கணக்கில் கிடந்தன. பிறகு எடுத்துக்கொண்டு போக அனுமதி வந்தபோது லூனாஸிலிருந்து ஒரு தாய் என்னிடம் அழுதார். மகனுக்குக் காய்ச்சல், கணவருக்கு லாரி வேலை, யார் போய் எடுப்பது? தம்பியும் நானும் போனோம். நாங்கள் போவதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது. அறைத் தோழனின் குடும்பம் சங்லூன் பக்கத்து மலாய்க்காரர்கள். மகனுடைய சாமான்களோடு இந்தப் பையனுடையதையும் மடித்து, பெட்டியில் அடுக்கி, பெயர் எழுதித் தங்கள் வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். முருகன் படத்தையும் திருநீற்றுப் பையையும் மட்டும் தனியாகப் புதுத்துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார் அந்த வீட்டு அம்மா. "இது உங்களுக்குப் புனிதமானது, கீழே வைக்கக் கூடாதில்லையா" என்று மலாயில் கேட்டார். யாரென்றே தெரியாத பிள்ளையின் சாமானை அப்படி மடித்தார் அவர்.

அதனால் கேட்கிறேன், நம் சாமானை நாமே ஏன் மடித்து வைக்கக் கூடாது?

தடை சொல்வீர்கள் என்று தெரியும். ஒரு பிள்ளையிடம் இதைப் பேசிப் பார்த்தேன். "பழசைக் கொடுத்தா அவமானப்படுத்துற மாதிரி இருக்காதா டீச்சர்" என்று கேட்டான். நல்ல கேள்விதான். கறை படிந்த தலையணையை நீட்டினால் அவமானம்தான். துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து, அக்கா தங்கைக்குக் கொடுப்பது போல் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் வாங்கிக்கொள்ளும். நம் வீடுகளில் பள்ளிச் சீருடை அப்படித்தானே மூத்தவளிடமிருந்து இளையவளுக்குப் போனது? யாரும் அதைப் பிச்சை என்று நினைத்ததில்லை. தலையணை கொடுக்கத் தயக்கமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வாளி, கோப்பை, கேத்தல், ஹேங்கர், மேசை விளக்கு, கால்குலேட்டர், புத்தகம் போதும்.

விடுமுறையில் இதையெல்லாம் எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்று இன்னொருவன் கேட்டான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் பல்கலைக்கழகத்தில் 2011இல் மாணவர்களே இதைத் தொடங்கினார்கள். கோடை விடுமுறைக்கு விடுதி காலியாகும்போது வீசப்படும் பொருள்களைச் சேகரித்து வைத்து, புதியவர்கள் வரும்போது மலிவாக விற்று, அந்தப் பணத்திலேயே அடுத்த ஆண்டு வேலையையும் நடத்திக்கொண்டார்கள். அங்கே கிடங்கு வேண்டும், லாரி வேண்டும், ஆள் வேண்டும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. என் வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது. மழை ஒழுகாது, எலி வராது, நானே பார்த்துவிட்டேன். கூரை வரை அடுக்கினாலும் அக்டோபர் வரை பத்திரமாக இருக்கும். விற்கவும் போவதில்லை. சேர்க்கை நாளன்று அதே வேனில் சிந்தோக்குக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்.

என்னிடம் பின்கட்டும் வேனும் இருக்கின்றன. ஆனால் யாருக்கு எது தேவை என்று கண்டுபிடிக்க என்னால் முடியாது. அந்தக் கோல கெட்டில் பிள்ளையைப் போன்றவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், அது உங்களுக்கும் தெரியும். நீங்களும் முதலாண்டில் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் இதுதான் என் வேண்டுகோள். கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பரீட்சை நடக்கும் இந்த வாரத்திலேயே, ஒரு இடைவெளி நாளில், உங்கள் அறையில் வேண்டாதது எது என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, அலுவலகத்தில் கேட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மூலையை வாங்கி, அங்கே சேர்த்து வையுங்கள். விதிக்குப் புறம்பான ரைஸ் குக்கரை அதில் வைக்காதீர்கள், அடுத்த பிள்ளை மாட்டிக்கொள்வாள். புத்தகங்களில் எந்தப் பாடம், எந்த செமஸ்டர் என்று ஒரு தாளில் எழுதிச் செருகிவிடுங்கள். இன்னும் படிப்பு முடியாத இரண்டாமாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், அக்டோபரில் புதியவர்கள் வரும்போது அறை அறையாகப் போய்ப் பாருங்கள். கேட்டுவிடாதீர்கள், பார்த்தால் போதும். மெத்தையில் விரிப்பு இருக்கிறதா, கதவுக்குப் பின்னால் வாளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

செமெலிங்கில் எய்ம்ஸ்டில் படிக்கும் பிள்ளைகளே, ஜித்ரா பாலிடெக்னிக் பிள்ளைகளே, சங்லூன் மெட்ரிகுலேஷன் பிள்ளைகளே, இந்த மடல் உங்களுக்கும்தான். மெட்ரிகுலேஷன் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோர் ஒரு வருடம்தான் இருப்பீர்கள். நீங்கள் வாங்கிய வாளி உங்களைவிட அதிக காலம் உழைக்கும்.

படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னொன்று கேட்க வேண்டும். போவதற்கு முன்னால் முதலாண்டுப் பிள்ளை ஒருத்தியின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் துறையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கும்போது ஒருமுறை கூப்பிட்டுப் படிப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பணம் அனுப்ப வேண்டாம். தன் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு, பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டால் என்ன செய்வது, மேல்முறையீட்டுக் கடிதம் யாருக்கு எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அவள் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் உரமூட்டையின் எடை. நீங்கள் இந்த மூன்று நான்கு ஆண்டில் கற்றுக்கொண்டதில் பாதி புத்தகத்தில் இல்லாதது. அதை அறைச் சாவியோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அந்தக் கோல கெட்டில் பிள்ளை இப்போது முதலாண்டை முடிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். இந்த மடலை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். என் பேர் மட்டும் போடாதீங்க டீச்சர் என்றாள். போடவில்லை. அவள் தன் கட்டடத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறாள். மற்றக் கட்டடங்களுக்கு இன்னும் யாரும் இல்லை.

உங்களை ஏற்றிப்போக வழக்கம்போல் வேன் வரும். அதற்கு மறுநாள் சாமானுக்கென்றே இன்னொரு நடை வருகிறோம். காலை ஆறரைக்குச் சுங்கைப்பட்டாணியில் கிளம்பினால் எட்டரைக்குள் சிந்தோக் வாசலில் இருப்போம். பின்னிருக்கைகளைக் கழற்றி வைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
வேனில் வரும் டீச்சர்